பதினெட்டடி வேகத்தடை

ஸ்ரீவில்லிபுத்தூரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஜெயசித்ராதான் கற்றுக்கொடுத்தாள். மீதிப் பாதிப் பேர் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை என்பது அவளுடைய கருத்து. கடைத்தெருவில் பத்து நிமிஷம் நின்று பார்த்தவர்கள் இதை மறுத்ததில்லை.

நாற்பத்தாறு வயது. சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல். காலை ஆறு மணிக்கு முதல் ஆள் வந்துவிடுவார். மாலை ஆறு வரை அவள் இடது பக்க இருக்கையில், காலடியில் பொருத்திய இரண்டாவது பிரேக்கின்மேல் பாதத்தை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். பத்தொன்பது வருஷமாக இதுதான். வங்கி மேனேஜர், பால்கோவாக் கடைக்காரர், கோர்ட் குமாஸ்தா என்று ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்து வியர்த்தவர்கள். “கிளட்சை மெதுவா விடுங்க சார், அது ஒண்ணும் ஓடிப்போயிராது” என்று அவள் சொல்லக் கேட்டவர்கள். மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டினால் அவள் கால் தானாக அழுத்தும்.

இவளுக்குச் சிவப்பு நிறத்தில் ‘செடியா’ என்றொரு ஜப்பான் கார் இருந்தது. 2008-ஆம் வருஷத்து வண்டி. கோயமுத்தூரில் ராலிப் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் முதுகுவலி வந்து விற்றார், ஜெயசித்ரா வாங்கினாள். இரண்டு லிட்டர் எஞ்சின். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே நாலரை அங்குலம் இடைவெளி. ஊருக்கே மெதுவாகப் போகச் சொல்லித்தருகிறவளுக்கு எதற்கு இப்படியொரு வண்டி என்று கேட்டவர்களிடம், “வாத்தியாருக்கு லீவு கிடையாதா?” என்பாள். உண்மையான காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. வாரத்தில் ஆறு நாள் அவள் வண்டியை அடுத்தவர்கள்தான் ஓட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவள் வலது பக்கம் உட்கார்ந்தாள். இரண்டாவது கியரில் மலையடிவாரத்து வளைவுக்குள் நுழைந்து வெளியே வரும்போது, சொன்னதைச் சொன்னபடி கேட்கிற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்கு நிச்சயப்படும்.

தெருவுக்கு இது பிடிக்கவில்லை. தெரு என்றால் தங்கச்சாமி. ஓய்வுபெற்ற அதிகாரி, எதிர்வீட்டுக்காரர், தெருக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அந்தச் சங்கத்துக்கு மற்ற பதவிகள் இருந்ததாகத் தெரியவில்லை. அறுபத்தொரு வயதில் ஜெயசித்ராவிடம் கார் ஓட்டக் கற்று, முதல் தடவையே லைசென்ஸ் வாங்கி, அன்றைக்கே தன் காருக்கு உறை போட்டு மூடியவர். ஐந்து வருஷமாக அந்த உறையைத்தான் துடைத்துவருகிறார்.

போன வருஷம் ஒருநாள் ஜெயசித்ரா மாலையில் வீடு திரும்பியபோது, இருவர் கேட்டையும் தாண்டியதும், மெயின் ரோட்டுப் பக்கமாகத் தெருவின் குறுக்கே புதிதாக ஒரு வேகத்தடை படுத்திருந்தது. அரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம். மெயின் ரோட்டுக்குப் போக வேறு வழி கிடையாது.

“அண்ணாச்சி, நம்ம தெருவுல யாரு வேகமாப் போறா?” என்று கேட்டாள்.

“இப்ப யாரும் போகலைம்மா. தடை போட்டாச்சுல்லா.”

“அதுக்கு முன்னாடி?”

“முன்னாடியும் போகல. ஆனா போயிருக்கலாம்.” தங்கச்சாமி குரலைத் தாழ்த்தினார். “உன் வண்டியைச் சொல்லுதேன்னு நினைக்காத. அது நின்னுக்கிட்டு இருக்கும்போதே வேகமாப் போற மாதிரி இருக்கு. அம்புட்டுச் சத்தம். குடும்பப் பொம்பளைக்கு எதுக்கும்மா? ஸ்பிரிங்கைக் கொஞ்சம் ஏத்திட்டா அதுவும் எல்லா வண்டியையும் போல ஆயிரும்.”

“ஏத்த மாட்டேன் அண்ணாச்சி.”

தடையை அகற்றச் சொல்லி அவள் நகராட்சிக்கு மனு எழுதினாள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: ‘மேற்படி தெருவில் வேகத்தடை எதுவும் அமைக்கப்படவில்லை. எனவே அதனை அகற்றும் தேவை எழவில்லை.’ ஜெயசித்ரா அதை இரண்டு முறை படித்துவிட்டு, கோபப்படாமல், மடித்து செடியாவின் டேஷ்போர்டுக்குள் வைத்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அவள் கணவர் பிரேம்குமார் இரண்டு பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்து தடையின் இருபுறமும் சாய்த்துவைப்பார். அவள் குறுக்குவாட்டில், ஒரு சக்கரத்துக்குப் பின் இன்னொரு சக்கரமாக ஏற்றி இறக்குவாள். இதற்கு ஏழு நிமிஷம் ஆகும். தங்கச்சாமி கேட்டில் கை வைத்தபடி ஏழு நிமிஷமும் பார்ப்பார்.

ராஜபாளையத்தில் ஒரு டர்போ கிளப் உண்டு. பதினான்கு வண்டிகள், டர்போ உள்ளவை ஐந்து. பஞ்சாலைக் குடும்பங்களின் பிள்ளைகள், ஒரு பல் டாக்டர், மில் சாமான் வியாபாரம் செய்யும் பெலிக்ஸ், பதினான்காவதாக ஜெயசித்ரா. கிளப் விதிகளில் முதலாவது வேக வரம்பைப் பற்றியது. அதைப் படித்த ஒரே உறுப்பினர் அவள்தான். ஆனால் எல்லோரும் மதித்த விதி வேறொன்று. மாதத்தின் முதல் ஞாயிறு ஓர் உறுப்பினர் வீட்டில் காலைச் சாப்பாடு; யார் வீட்டுக்குப் போகிறார்களோ அவருடைய வண்டி முன்னால் போகும், மற்ற பதின்மூன்றும் பின்னால் வரும், யாரும் முந்தக் கூடாது. சாப்பாடு ஓட்டலில் என்றால் தலைவர் வண்டி முன்னால்.

சேர்ந்த வரிசைப்படிதான் முறை வரும். பதின்மூன்று மாதம் பதின்மூன்று வீடுகளில் இட்லி தின்றுவிட்டு, பதின்மூன்று முறை கடைசி வண்டியாகப் போய்விட்டு, ஜெயசித்ரா தன் முறைக்குக் காத்திருந்தாள். அது அடுத்த மாதம் என்கிறபோது தலைவர் கௌதம்ராஜ் போன் செய்தார். முப்பத்திரண்டு வயது, ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை, நாலு அங்குல இடைவெளியில் ஒரு ஜெர்மன் வண்டி, மரியாதையான மனிதர். மரியாதையானவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

“அக்கா, போன வாரம் அந்தப் பக்கம் வந்தப்ப உங்க தெருவை எட்டிப் பாத்தேன். அந்த வேகத்தடை நம்ம வண்டிக்கு ஆகாதுக்கா. ஹைவேல ஓட்டல் பாத்து வச்சுருக்கேன். ஏசி ஹால். உங்களுக்கும் சிரமமில்ல.”

“எனக்கு ஒரு சிரமமும் இல்ல தம்பி. ஓட்டல்னா முன்னாடி போறது யாரு?”

“ரூல்படி…” கௌதம்ராஜ் இருமினார். “நாந்தான்க்கா.”

“அப்ப என் முறை?”

“அது அடுத்த ரவுண்டுல வரும். பதினாலு மாசம், சட்டுனு போயிரும்.”

தெருவை எட்டிப் பார்த்தவர் வேகத்தடையை மட்டுமா பார்த்திருப்பார்? மூடாத வாறுகால் சாக்கடை, சுவரோரம் கட்டிய ஆடு, வாசலில் காயும் துணி என்று பார்ப்பதற்கு எவ்வளவோ இருந்தன. அவற்றில் ஒன்றையும் அவர் சொல்லவில்லை.

“தம்பி, அந்தத் தடை ஒண்ணுதான் பிரச்சினையா? வேற ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க.”

“ஐயோ, சத்தியமா அது ஒண்ணுதான்க்கா.”

“நல்லது. தடையை நான் பாத்துக்கிடுதேன். முதல் ஞாயிறு எட்டு மணிக்கு என் வீட்டுல இட்லி. உங்க வாயால சொல்லிட்டீக, மாத்தப் படாது.”

போனை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். தெரு அவள் வண்டி வெளியே போகக் கூடாது என்கிறது. கிளப் உள்ளே வர முடியாது என்கிறது. ஒருவரையொருவர் பார்த்தேயிராத இந்த இரண்டு கட்சிக்காரர்களும் சாய்ந்துகொண்டிருந்தது ஒரே அரை அடிச் சிமெண்ட்டின்மேல்.

“ஒடச்சுருவோம்” என்றார் பிரேம்குமார். “கடப்பாரை இருந்தா அரை மணி நேர வேலை.”

“ஒடச்சா அவருக்கு ஒரு கேஸ் கெடச்சுரும். நான் ஒடைக்கப் போறதில்ல. பெருசாக்கப் போறேன்.”

பிரேம்குமார் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர். சிமெண்ட் விஷயத்தில் எதற்கும் ஆச்சரியப்படாதவர். அன்றைக்குப் பட்டார்.

ஜெயசித்ரா தாளில் வரைந்து காட்டினாள். பத்தொன்பது வருஷமாக வகுப்பில் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். வேகத்தடை என்றால் பத்து சென்டிமீட்டர் உயரம், அதற்குப் பன்னிரண்டு அடி நீளம். வண்டியின் வயிற்றை இடிப்பது தடையின் உயரம் அல்ல, அதன் அவசரம். ஒன்றரை அடிக்குள் ஏறி இறங்கச் சொன்னால் எந்த வண்டியும் இடிக்கும். தங்கச்சாமி போட்டது பதினைந்து சென்டிமீட்டர். அப்படியென்றால் பதினெட்டு அடி. உயரத்தில் ஒரு மயிரிழைகூடக் குறைக்க வேண்டாம்.

கொத்தனார் வேலுசாமி வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “தடையை ஒடைக்கச் சொல்லி எம்புட்டோ பேரு கூப்பிட்டிருக்காக. வளக்கச் சொல்லிக் கூப்பிட்டது நீங்கதாம்மா.”

முதல் நாள் தெருவின் ஒரு பாதி, மூன்றாம் நாள் மறு பாதி. கலவை கொட்டும் சத்தம் கேட்டுத் தங்கச்சாமி வேட்டியை இழுத்துக்கட்டிக்கொண்டு வந்தார்.

“ஏம்மா, என்ன பண்ணுத?”

“பெருசாக்குதேன் அண்ணாச்சி. நீங்க போட்டது சின்னதுன்னு தோணுச்சு. விதிப்படி இன்னும் பெருசா இருக்கணும்.”

தங்கச்சாமி அவளை உற்றுப் பார்த்தார். அறுபத்தாறு வருஷ வாழ்க்கையில் அவர் சொன்னதை ஒருவர் ஒப்புக்கொண்டது மட்டுமல்லாமல் சொந்தச் செலவில் செய்துகொடுப்பது இதுவே முதல் தடவை. “எனக்குத் தெரியும்மா. நீ படிச்ச பிள்ள. என்னைக்காவது புரிஞ்சுக்கிடுவேன்னு தெரியும்.”

சிமெண்ட் இறுகத் தினமும் தண்ணீர் விட வேண்டும் என்று வேலுசாமி சொன்னார். அந்தப் பொறுப்பைத் தங்கச்சாமி சங்கத்தின் பெயரால் ஏற்றுக்கொண்டார். காலையிலும் மாலையிலும் சாக்கை நனைத்துப் போட்டு, வாளி வாளியாக ஊற்றினார். ஈரத்தின்மேல் பைக்கை ஏற்றிய ஒருவரை, “ஏலே, கண்ணு தெரியல? செத்த நேரம் நின்னு போனா கொறஞ்சா போயிரும்?” என்று விரட்டிப் பிடித்துக் கண்டித்தார். பத்து நாளில் அது பாறையாக இறுகிவிட்டது. ஜெயசித்ரா அதற்குப் பட்டைபட்டையாக வெள்ளை அடித்து, ஓரத்தில் ஒரு பலகையும் நட்டாள்: ‘வேகத்தடை உள்ளது. மெதுவாகச் செல்லவும்.’ கீழே டிரைவிங் ஸ்கூலின் போன் நம்பர்.

முதல் ஞாயிறு காலை ஏழரைக்கு ராஜபாளையத்திலிருந்து பதினான்கு வண்டிகள் கிளம்பின. முன்னால் சிவப்பு செடியா. நாலுவழிச் சாலையில் ஜெயசித்ரா வேக முள்ளை வரம்பில் நிறுத்தினாள்; அது ஒரு இழை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பின்னால் பதின்மூன்று எஞ்சின்கள் உறுமின, யாரோ ஹெட்லைட்டை அடித்தார்கள். முந்தக் கூடாது என்பது விதி. கிளப் விதிகள் அத்தனையையும் அதன் உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் கடைப்பிடித்தது அன்றுதான். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பதின்மூன்றும் வரிசையாக அதற்குள் இருந்தன.

தங்கச்சாமி கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை பெரிய தடை. இத்தனை தாழ்ந்த வண்டிகள். இடிக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். செடியா ஏறியது, இறங்கியது. சத்தமில்லை. பல் டாக்டர், பெலிக்ஸ், அதற்குப் பின்னால் மற்றவர்கள் என ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. ஆடு மட்டும் ஒருமுறை கத்தியது. கடைசியாக வந்த ஜெர்மன் வண்டி தடைக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டது.

ஜெயசித்ரா நடந்து போனாள். கௌதம்ராஜ் கண்ணாடியை இறக்கினார்.

“அக்கா, நான் இங்கனயே நிறுத்திட்டு நடந்து வாரேன்.”

“வாங்க, இட்லி உண்டு. ஆனா நம்மது கார் கிளப்பு தம்பி, நடக்குற கிளப்பு இல்ல. தடை ஒண்ணுதான் பிரச்சினைன்னு சத்தியம் பண்ணுனீக.”

அவர் அவளைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார். அவள் சுற்றிப்போய் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் வலது கால் பிரேக்கைத் தேடியது. அங்கே விலை உயர்ந்த விரிப்பு மட்டும் இருந்தது.

“ரைட்டுல ஒடிங்க. இன்னும். கால்ல எதுக்கு நடுக்கம்? ஒரு சக்கரம் ஏறட்டும். இப்ப அடுத்தது. மேல வந்தாச்சு. இனி வண்டியே இறங்கிக்கிடும், நீங்க ஒண்ணும் பண்ணாதீக.”

வண்டி இறங்கியது. எங்கும் உரசவில்லை. கௌதம்ராஜ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். வியர்த்தவர்கள் பட்டியலில் அவரும் சேர்ந்தார்.

சாப்பாடு முடிந்து வண்டிகள் போனபிறகு தங்கச்சாமி வந்தார்.

“ஒண்ணுகூடத் தட்டலியேம்மா.”

“விதிப்படி போட்டா தட்டாது அண்ணாச்சி.”

“அப்ப ஒடச்சுப் பழையபடி ஆக்கிரணும்.”

“தாராளமா. மனு எழுதிப் போடுங்க.” டேஷ்போர்டிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். “ஆனா இப்படி ஒரு தடையே இல்லைன்னு எழுதியிருக்காக. பாத்துக்கிடுங்க. கடப்பாரையும் இறங்காது. நீங்க தண்ணி விட்டது அம்புட்டு உறுதி.”

தங்கச்சாமி கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவர் படித்ததிலேயே அவருக்குச் சாதகமான கடிதம் அது. ஒரு வருஷம் தாமதமாகக் கையில் வந்தது.

இதுவரை, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாக இருக்கும் என்று ஜெயசித்ரா தன் தெருவில் பாடம் நடத்தியதில்லை. மேட்டில் நிறுத்தி எடுக்கும் பாடத்துக்கு ஊருக்கு வெளியே பாலம் வரை போய்வந்தாள். திங்கள்கிழமை காலை ஆறே காலுக்கு, எல் போர்டு போட்ட பழைய கார் பதினெட்டடித் தடையின் பாதி ஏற்றத்தில் வந்து நின்றது. வலது பக்கம் ஒரு துணிக்கடைக்காரர் வியர்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் அணைந்தது. மறுபடி உறுமியது. மறுபடி அணைந்தது. வண்டி ஒரு சாண் பின்னால் நழுவி நின்றது. அவருக்குப் பின் இன்னும் ஒன்பது பேர், ஆளுக்கு இருபது தடவை.

தங்கச்சாமி துண்டுடன் வாசலுக்கு வந்தார்.

ஜெயசித்ரா இடது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“வேகம் ஜாஸ்தியா இருந்தாச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள்.