நடுச்சுவரில் சாம்பல் நிறப் பலகைகள்

அப்பா போன பிறகு வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தார்கள். தெருப்பக்கத்துப் பாதி அண்ணனுக்கு. பின்பாதியும் அம்மாவும் தங்கைக்கு. தங்கை, அறையின் எதிரொலியை அடக்கும் பலகைகளைத் துணி போர்த்தி மாட்டுகிறவள். பலகைக்காரி என்றால்தான் தெருவில் தெரியும்.

அளந்து பேசும் அண்ணன் ஒருநாள் தானாகவே கூப்பிட்டார்.

“வீட்டுலருந்தே ஆபீஸ் வேலை பாக்கறேன்ல, பேசினா ஒரே எதிரொலி. இந்த நடுச்சுவர் முழுக்க மாட்டிக் குடு. நீ மாட்டினா ஆணி எங்க இருக்குன்னு ஆணிக்கே தெரியாதாமே.”

அண்ணன் வாயால் நல்ல வார்த்தை கேட்டு எத்தனையோ காலமாயிற்று. அவளுக்கு மனம் குளிர்ந்தது. அண்ணி எடுத்துக்கொடுத்த சாம்பல் நிறத் துணியைச் சட்டங்களின் மேல் ஒரு சுருக்கம் விழாமல் இழுத்து அடித்தாள்.

மாட்டுகிற அன்று, சுவரில் அலுமினியப் பட்டைகளை ஒரே மட்டத்தில் இறுக்கினாள். பலகையின் முதுகிலும் அதே மாதிரிப் பட்டை. தூக்கி வைத்துக் கீழே இறக்கினால் ஒன்றில் ஒன்று கவ்விக்கொள்ளும். வெளியே துணியைத் தவிர எதுவும் தெரியாது.

டிரில் ஓய்ந்த நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வந்தது.

“பெரியவனே, சாப்பிட்டியாப்பா?”

அம்மாவின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான். தான் சாப்பிட்டதுகூட அம்மாவுக்கு நினைவில் நிற்பதில்லை. மகன் சாப்பிட வேண்டும் என்பது மட்டும் நிற்கிறது. குரல் மறுபடியும் வந்தது. அண்ணன் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவளுக்குச் சுருக்கென்றது. “அண்ணே, இதுக்குத்தான் பலகையா?”

“மீட்டிங்ல எல்லாருக்கும் கேக்குது. சிரிக்கறாங்க. மானம் போகுது.”

“இது ரூமுக்குள்ள எதிரொலியைத்தான் குறைக்கும். அங்கேருந்து வர்றதை நிறுத்தாது.”

“குறையற வரைக்கும் குறையட்டும்.”

“ஒரு தரம் சாப்பிட்டேன்மான்னு சொல்லுங்களேன். அடங்கிடுவாங்க.”

“ஒரு தரம் சொன்னா பத்து தரம் கேப்பாங்க. உனக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியும். தினமும் பதில் சொல்கிறவள் அவள்தானே. போட்டது போட்டபடி கிளம்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கை கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பலகைவரை மாட்டினாள். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்காமல் ஒன்றையும் விடவில்லை.

சில வாரங்கள் கழித்து அண்ணி வாசலில் வந்து நின்றாள். “இன்னும் கேக்குதும்மா. அத்தையோட கட்டிலை உள் ரூமுக்கு மாத்திட்டா என்ன? அவங்களுக்கும் நிம்மதி.”

பலகைக்காரி நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். உள்ளே அம்மா பதில் வராத சுவரைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்று மாலையே கட்டிலை இழுத்து உள்ளே போட்டாள்.

புது இடத்தில் அம்மா இரண்டு நாள் மிரண்டாள். எந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிடுவது என்று தெரியாமல், மெல்ல மெல்ல, கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

அண்ணனின் நண்பர்கள் அறையைப் பார்க்க வந்தார்கள். “தங்கச்சி கைவேலை. ஒரு சத்தம் வராது” என்று அண்ணன் பெருமையாகச் சொன்னது ஜன்னல் வழியே பலகைக்காரியின் காதில் விழுந்தது. அவர்களில் ஒருவர் தன் வீட்டுக்கும் வேண்டுமென்று பின்பக்கமாக வந்து கேட்டார்.

“உங்க வீட்டுல யாரோட சத்தம்ங்க?” என்றாள்.

அவர் விழித்தார். அவள் அளவெடுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினாள்.