ஆளில்லாத கல்வீடு

கொடைக்கானல் மேல்மலைக்கு எங்கள் எண்ணூர் காத்திவாக்கத்துப் பெண்கள் வேன் பிடித்துப் போனது குளிர் பார்க்க. வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர்களுக்கு வழிகாட்டி ஆசையாகக் காட்டியது ஒரு கல்லறை. எண்ணூரில் பார்க்கக் கிடைக்காத பொருள் பாருங்கள்.

அம்மாவை நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தேன். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமல் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. படகு கிடைத்தது, அப்பா கிடைக்கவில்லை. அலுவலகத்தில் போய் நின்றபோது உடல் எங்கே என்றார்கள், ஏதோ நாங்கள் வீட்டில் ஒளித்து வைத்துக்கொண்டு தர மறுப்பதுபோல. ஏழு வருஷம் இழுத்தடித்து இறப்புச் சான்றிதழ் தந்தார்கள். காகிதத்தின்படி அப்பா செத்துவிட்டார். அம்மாவின் கணக்கில் சாகவில்லை.

அவள் நெற்றிக் குங்குமம்தான் என் அத்தைகளுக்கு ஓயாத பேஜார். விசேஷத்துக்கு விசேஷம் வந்து நியாயம் பேசுவார்கள். "பாடியக் காட்டு, பொட்ட எடுக்கிறேன்" என்பாள் அம்மா. புருஷன் என்ன செய்கிறார் என்று வெளியாள் யாராவது கேட்டால், "கடலுக்குப் போய்க்கீறாரு." பதினோரு வருஷமாக ஒரே வலையை இழுக்கிற மனுஷன் எங்கள் குப்பத்தில் அவர் ஒருவர்தான் என்று நான் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்படி ஒரு மகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கல்லறை ஒரு புல்வெளிக்கு நடுவே இருந்தது. "புல்லு மேல கால் வைக்காதீங்கம்மா, அடியில சேறு. ஓரமா சுத்தி வாங்க" என்றார் வழிகாட்டி. சேறு என்று யாரிடம் சொல்கிறார்? முகத்துவாரச் சேற்றில் முப்பது வருஷம் இறங்கி, கையாலேயே இறால் தடவிப் பிடித்தவள் அம்மா. புடவையைத் தூக்கிச் செருகினாள், செருப்பைக் கையில் எடுத்தாள், நேராக இறங்கிவிட்டாள். எங்கள் ஊர்ச் சேற்றுக்கு அடியில் எங்கேயாவது கெட்டியாக மணல் இருக்கும், கால்விரல் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சேற்றுக்கு அடி என்பதே இல்லை. மூன்றாவது எட்டில் தொடை வரைக்கும் போய்விட்டாள். நானும் வழிகாட்டியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கெட்டித் தரைக்கு இழுத்துப் போட்டோம்.

"இன்னா சேறு இது, ஒரு கலீஜும் இல்லியே" என்று குறைப்பட்டாள். எங்கள் முகத்துவாரம் மாதிரி ஆலை எண்ணெய் வாடை வீசாததை அவள் சேறாகவே மதிக்கவில்லை.

கல்லறை என்றதும் நான் கோபுர அளவுக்கு எதிர்பார்த்தேன். இடுப்பு உயரத்துக்கு மூன்று பலகைக் கற்கள், மேலே மூடியாக ஒரு கல், அவ்வளவுதான். எங்கள் வீட்டு இறால் கூடை வைக்கக்கூட இடம் பற்றாது. பல ஆயிரம் வருஷத்துப் பழசு என்றார் வழிகாட்டி, தானே கூட இருந்து கட்டியவர் மாதிரி.

அம்மா குனிந்து உள்ளே பார்த்தாள். "ஆளு எங்க?"

"எலும்புகூடக் கிடைக்கலைம்மா. மண்ணு தின்னுருக்கும்."

"ஆளே இல்ல, அப்பறம் இன்னாத்துக்கு கல்லறைன்னு சொல்லிக்கினு கீற?"

"யாரோ ஒருத்தருக்குன்னுதானம்மா வச்சிருக்காங்க. ஆள் இல்லாட்டியும் அவரு எடம்தானே."

அந்தக் காலத்து ஆட்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை போலிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா சேற்றுக் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு, கட்டை விரலால் நெற்றிக் குங்குமத்தை வழித்து, மூடிக்கல்லின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். அத்தைகள் பதினோரு வருஷம் கூடிப் பேசியும் நடக்காதது, அத்தைகள் யாரும் இல்லாத இடத்தில் நடந்தது.

"தொடக் கூடாதும்மா, அரசாங்கத்துக் கல்லு" என்றார் வழிகாட்டி. அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கீழே டீக்கடையில் காலைக் கழுவச் சொம்பில் தண்ணீர் வாங்கினேன். கடைக்கார அம்மாள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி, "வீட்டுக்காரரு வரலையாக்கா?" என்றாள். அம்மாவின் வழக்கமான பதிலுக்கு நான் காத்திருந்தேன்.

"செத்துட்டாரும்மா. இப்பத்தான் மேல வெச்சிட்டு வரேன்."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அம்மா காலை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஊத்துடி" என்றாள்.