இருதயமேரியின் தாய்மீன்கள்

பேராக் மாநிலத்து ஆயர் தாவார் ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய துண்டு நிலத்தில் இருதயமேரி கெளுத்தி மீன் வளர்க்கிறாள். கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டபின் அதற்காகக் கன்வாஸ் தொட்டிகள் போட்டாள். விற்பது வளர்ந்த மீனை அல்ல, குஞ்சுகளை. வாங்கிக் குளத்தில் விட்டு வளர்ப்பவன் சிலிம் ரிவர் ஊர்க்காரன் ஜெயபாலன். அவன் ஒருவனை நம்பித்தான் அந்தத் தொழில் நின்றது.

சென்ற ஆண்டு முட்டைகளில் பாதி பொரியாமலே வெளுத்துப் பூசணம் பிடித்தன. பொரிந்த குஞ்சுகள் பலவும் முதுகு வளைந்து, தண்ணீரில் ஒரே பக்கமாகச் சுற்றின. ஜெயபாலன் கோபப்படவில்லை. தொட்டி ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, இன்னொரு வாட்டி இப்படி வந்தா நான் வேற எடம் பாக்கணும்லா."

அவள் தாய்மீன்களுக்கு எதையும் குறைவைத்ததில்லை. தவிட்டையும் நெத்திலித் தூளையும் ஒன்றாகக் காய்ச்சி, கொதிக்கும்போதே வைட்டமின் தூளைக் கொட்டிக் கிளறி, ஆறியதும் உருண்டை பிடித்துப் போடுவாள். வாயில்லா ஜீவனுக்குப் பச்சையாக எதையும் வைப்பது அவள் வீட்டில் பழக்கமில்லை. தோட்டத்து லயவீட்டில் குடியிருந்த காலத்தில் மாட்டுக்கும் கோழிக்கும்கூடக் காய்ச்சித்தான் வைத்தார்கள். பேராக்கிலேயே மீனுக்குக் கஞ்சி காய்ச்சும் வீடு நம் வீடுதான் என்று, லாரி ஓட்டும் அவள் கணவன் மார்கஸ் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

இதைவிட வீரியமான தூள் கேட்டு அவள் ஈப்போவில் உள்ள மீன்தீனிக் கடைக்குப் போனாள். கடைக்காரி பிரமிளா தூளை எடுக்குமுன், எப்படிக் கொடுக்கிறாள் என்று விசாரித்தாள். கேட்டதும், தூளுக்கு நீட்டிய கையை இறக்கிக்கொண்டாள்.

"கொதிக்கிறதுலயா போட்டீங்க? அப்ப செத்துருச்சுக்கா. மீன் இல்ல, வைட்டமின் சி. தாய்க்கு அது கிடைக்கலன்னா குஞ்சுக்கு முதுகு கோணிரும்."

வீடு திரும்பியபோது தாய்மீன்கள் வயிறு பெருத்து, முட்டையெடுக்க ஹார்மோன் ஊசி போடும் பருவத்தில் இருந்தன. ஜெயபாலனோ இரண்டு வாரத்தில் குஞ்சு வேண்டுமென்று கேட்டிருந்தான். பழையபடி ஊசி போட்டிருந்தால் பாதியாவது நேராக வந்திருக்கலாம். அவள் அவனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"தம்பி, தப்பு என் அடுப்புல. வைட்டமின வேகவச்சே கெடுத்துட்டேன். இப்ப வயித்துல இருக்கிற முட்டை அந்தத் தீனில கட்டுனது. இத எடுக்கமாட்டேன்."

காத்திருக்க முடியாது என்று அவன் போனை வைத்துவிட்டான்.

இதை உடனே நேர்மை என்று சொல்லிவிட முடியாது. பயந்தவர்களும் காத்திருப்பார்கள். ஆனால் பயந்தவர்கள் காரணத்தை வெளியே சொல்வதில்லை. அதுவும் தொழிலைக் கையில் வைத்திருப்பவனிடம். பிறக்காத உயிரின் முதுகெலும்பு, தாய் முன்பே தின்ற தீனியில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டபின், புரியாதவள்போல் நடந்துகொள்ள அவளால் முடியவில்லை. அது சின்ன விஷயமல்ல.

இப்போது கஞ்சியை இரவே காய்ச்சி ஆறவைப்பாள். காலையில் உருண்டை பிடித்து, தூளை எண்ணெயில் குழைத்து மேலே பூசுவாள். வயிற்றிலிருந்த முட்டை கரைந்து, புது முட்டை கட்டும்வரை தொட்டிகளில் விற்க எதுவுமில்லை. மார்கஸ் கேலியை நிறுத்தியிருந்தான். இரண்டு மாதத்திற்கும் மேலானது.

புது முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் ஜெயபாலனுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பினாள். வருவான் என்று எதிர்பார்க்கவில்லை. வேறிடத்தில் வாங்கியும் மனம் நிறையாதவனாக வந்து நின்றான். அவள் தொட்டியைத் திறக்குமுன் ஒரு வெள்ளைப் பேசின் பாத்திரத்தை அவன் முன் வைத்தாள்.

"மொதல்ல இதப் பாரு. இந்த வாட்டி கோணலா வந்தது இவ்வளவும்."

ஒரு கைப்பிடி இருக்கும். பிறகுதான் தொட்டியின் வலையை விலக்கினாள். கரிய குஞ்சுகள் கூட்டமாக, நேராக, நிழலைக் கண்டதும் சிதறி ஓடின. ஜெயபாலன் தொட்டியைவிடப் பேசினைத்தான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, குஞ்சுகளை அடைத்துக் கொண்டுபோகும் ஆக்சிஜன் பைகளை எடுத்துவர வேனுக்குப் போனான்.