மாஸ்ரர் ஏற்றுக்கொண்ட பிழை

குணநாயகம் மாஸ்ரரின் மரணச் செய்தியைக் கொண்டுவந்தவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. படலைக்கு வெளியே ஒரு காலை ஊன்றியபடி, "மாஸ்ரர் விடிய மோசம் போயிட்டார். பின்னேரம் எடுக்கினம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு மிதித்தார். அடுப்படியில் நின்ற என் மனைவி, "அந்தாளோ?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொக்குவிலில் மாஸ்ரரின் வளவில் தேகப்பயிற்சி செய்த உங்களுக்கு அவரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சீமெந்து நிரப்பிய பால்மா ரின்களைத்தான் தூக்கினோம். உடம்பில் இன்னும் தெம்பு இருக்கும்போதே நிறுத்தச் சொல்லுவார். "முழுப் பெலத்தையும் இங்கை கொட்டாதையுங்கோ. வீட்டை போற வழியிலை ஹெலி வந்து சுட்டால் ஆர் ஓடுறது?" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார். முப்பது வயது தாண்டி, கந்தோர் மேசைகளில் இருந்து வேலை செய்த எங்களுக்கு நிறுத்துவதுதான் பெரும்பாடு.

ஒரு பின்னேரம் அவர் கிணற்றடிக்குப் போன நேரம் எனக்கு வீம்பு பிடித்தது. பக்கத்தில் நின்றவர் அறுபது தரம் இருந்தெழும்பினார் என்று நான் நூற்றைம்பது தரம் இருந்தெழும்பினேன். அடுத்த நாள் காலை கட்டிலை விட்டு இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அன்று பார்த்துத்தான், மாதம் நிறையுமுன்பே, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மனைவிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. பெற்றோல் இல்லாத காலம், காருக்கு எங்கே போவது? அவளைக் கரியரில் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். ரயில் கடவைக்குக் கிட்ட இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டன. சைக்கிள் சரியாமல் தாங்கியதே பெரிய காரியம். நான் கத்திய சத்தம் கேட்டு, பக்கத்திலிருந்த தன் வளவிலிருந்து மாஸ்ரர் ஓடிவந்தார். "நீர் இறங்கும்" என்றார். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஹெலி தலைக்கு மேலே வந்தபோது வேலியோடு ஒதுங்கினார், அது விலகியதும் குறுக்கு ஒழுங்கைகளுக்குள்ளால் மிதித்தார். நான் நொண்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டொக்டர் பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தள்ளுவண்டியில் கிடத்தினார்கள். "ஏனப்பா, உங்களாலை ஏன் மிதிக்கேலாமல் போச்சு?" என்று கேட்டாள். என் நடையைப் பார்த்தே மாஸ்ரருக்கு விளங்கியிருக்க வேண்டும். "பிழை என்ரை, பிள்ளை. நேற்று நான்தான் இவருக்குக் கூடப் பயிற்சி குடுத்திட்டன்" என்றார். நான் வாய் திறக்கவில்லை.

மூன்று வருடமாகத் திறக்கவில்லை. மகளைப் பார்க்க அவர் வந்தபோது மனைவி அறையை விட்டு வெளியே வரவில்லை. தேத்தண்ணியும் வரவில்லை. படலையடியில் நான் தடுமாற, "அவ கோவிக்கட்டும். நீர் பயிற்சியை விட்டிடாதையும்" என்றார். விடவில்லை. அவர் முகத்தைப் பார்க்கக் கூசிய நாட்களிலும் போனேன்.

செய்தி வந்த அன்று அடுப்படியில் வைத்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த மனுசனை ஒரு நாள் 'இருங்கோ' எண்டு கூட நான் சொல்லேல்லையே" என்றாள். பிறகு மகளுக்குச் சட்டை மாற்றினாள். செத்த வீட்டில் மகள், "ஆரம்மா இது?" என்று கேட்டாள்.

"உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், அம்மா. கும்பிடு" என்றாள் மனைவி.

என் பக்கம் அவள் திரும்பவில்லை.

மாஸ்ரரிடமிருந்து பெலமும் கட்டுப்பாடும் பெற்றேன் என்று எழுதினால் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அழகாக இருக்கும். ஆனால் என்னிடம் மிஞ்சியிருப்பது, அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் தன் தலையில் போட்டுக்கொண்ட பிழை. அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் முன்னால் அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அது என்னுடையது.