நூல்கண்டின் மூச்சு

தையல் கம்பெனிகளில் அவரைக் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். காது ஒன்றும் பெரிதில்லை, உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அளவுதான். ஆனால் அந்த இரண்டு காதுகளை வைத்துக்கொண்டுதான் மனிதர் இருபத்திரண்டு வருஷமாகப் பிழைப்பை ஓட்டுகிறார். அறுபது தையல் மிஷின்கள் ஒரே கூடத்தில் ஓடினால் நமக்கெல்லாம் தலை கிர்ரென்று சுற்றும். அவரோ வாசலில் பையை இறக்கி வைக்கும்போதே, "மூணாவது வரிசை, ஜன்னலோர மிஷின். ஷட்டில் தேஞ்சு போயிருக்கு" என்பார். கழற்றிப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும்.

அவருடைய வேலை முறையே தனி. நீளமான திருப்புளி ஒன்று வைத்திருப்பார். அதன் நுனியை மிஷின் உடம்பில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். "ஓட்டும்மா. நிறுத்தாதே. இன்னொரு தடவை ஓட்டு" என்பார். கண் திறந்திருந்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பது அவர் கட்சி. எந்த இடம் முனகுகிறது என்று தெரிந்ததும் ஒரு சொட்டு எண்ணெய், அல்லது ஒரு திருகு. முனகல் நின்றுவிடும். "சத்தம் நின்னா சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த மிஷினுக்குப் போய்விடுவார். இதுதான் அவருடைய மொத்தப் படிப்பும்.

வீட்டிலும் அதே ஆள்தான். நாளெல்லாம் இரைச்சலில் கிடந்துவிட்டு வருகிறவருக்கு வாய்த்த மனைவியோ, சும்மா சொல்லக்கூடாது, வாய் ஓயாதவள். தண்ணீர்க் குழாயோடு கூடப் பேசுவாள். "கொஞ்சம் சத்தம் போடாம இரேன்" என்று இவர் தினமும் கெஞ்சுவார். நாலு மாதத்துக்கு முன்னால் அவள் ஒரு வயதான தம்பதியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக வேறு நாட்டுக்குப் போனாள். போகிற அன்று வாசலில் நின்று, "இனிமே வீடு அமைதியா இருக்கும். ஆசை தீர இருங்க" என்றாள். இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பது வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது.

அந்த வீட்டுக்காரர்கள் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் போனை அவள் கையில் கொடுப்பார்கள், அரை மணி நேரத்துக்கு. இவருக்குப் போனில் பேச வராது, மகளைப் பற்றிக் கேட்டால்கூட. "நல்லா இருக்கோம். சாப்பிட்டா. தூங்கிட்டா." நாலே வார்த்தையில் முடித்துவிட்டு, மிச்ச நேரம் அவள் பேசுவதைப் பாதிக் காதால் கேட்டுக்கொண்டிருப்பார்.

மகளுக்கு மூன்று வயது. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம், அம்மாக்காரி நூல்கண்டு என்று கூப்பிட்டாள், அதுவே நின்றுவிட்டது. அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். வேறு வழி? திருப்புளி, எண்ணெய்க் குப்பி, கவுன் நாலு, ஒரு துணிப் பொம்மை என்று எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு, மகளையும் கையில் பிடித்துக்கொண்டு காதுக்காரர் ஊர் ஊராகப் போகத் தொடங்கினார்.

இந்தக் கம்பெனியில் மூன்று நாள் வேலை. பார்சல் கிடங்குக்கு மேலே ஒரு அறை கொடுத்திருந்தார்கள். இரண்டு இரும்புக் கட்டில், ஒரு குழாய், அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். பிள்ளைக்கு இரண்டு நாளாக லேசாகச் சளி. மதியம் அவளைத் தூங்க வைத்துவிட்டு, கீழே போகாமல் அறையிலேயே ஒரு பழைய மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணி இருக்கும். நாய் குரைத்தது. ஜன்னலைப் பார்த்தார். மறுபடியும் குரைத்தது. திரும்பினால் கட்டிலில் நூல்கண்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். குரைத்தது அவள்தான். அது இருமலாம்! அதற்குப் பிறகு அவள் மூச்சை உள்ளே இழுத்தபோது எண்ணெய் காணாத கப்பி போல ஒரு கீச்சொலி வந்தது. காதுக்காரர் வாழ்நாளில் கேட்காத ஒலி அது.

வேறு யாராக இருந்தாலும் பிள்ளையை வாரித் தூக்கியிருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளையின் முதுகில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தடவை இருமு, கண்ணு. எங்கேருந்து வருதுன்னு அப்பா பாக்குறேன்."

இருமினாள். காதை நெஞ்சுக்கு மாற்றினார். "இன்னொரு தடவை." இருமினாள். "நிறுத்தாதடா தங்கம், இன்னும் ஒரே தடவை." அட மனுஷா, அது மிஷினா? நாலாவது முறை அவளால் முடியவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பயந்து வீரிட்டு அழுதாள். அழுகை ஏற ஏறக் கீச்சொலி இரண்டு மடங்காயிற்று.

அப்போதுதான் காதை எடுத்தார். மனைவிக்குப் போன் அடித்தார். அணைத்து வைத்திருந்தார்கள். ஏழு மணிக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறதே. வேறு யாரைக் கேட்கலாம் என்று போனில் இருந்த பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். பெல்ட் கடை. ஊசிக் கடை. பொத்தான் மிஷின் கம்பெனி. மோட்டார் சுற்றுகிறவர். பனியன் கம்பெனி மேனேஜர், பழையவர். பனியன் கம்பெனி மேனேஜர், புதியவர். இருநூறு பேருக்குக் குறையாது. பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்று கேட்க அதில் ஒரு ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிச் சம்பாதித்த உறவு அவ்வளவுதான் என்று அந்தக் கட்டிலோரத்தில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டார்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே ஓடினார். மேனேஜர் எதிரே வந்து, "சார், நல்லவேளை வந்தீங்க. நாலாவது வரிசை நின்னு போச்சு" என்றார். இவர் தாண்டிப் போனார். வாசலில் கம்பெனி வேன்காரர் பார்சல் ஏற்றிக்கொண்டிருந்தார். பிள்ளையின் இருமலைக் கேட்டதும் கையிலிருந்த மூட்டையை அப்படியே தரையில் போட்டார்.

"ஏறுங்க சார். மொதல்ல ஏறுங்க."

வேன் கிளம்பியது. ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று அடித்தது. நூல்கண்டு அழுதாள், கீச்சிட்டாள், மறுபடி அழுதாள். காதுக்காரர் அவளை நெஞ்சோடு அணைத்து, அவள் தலைமேல் காதை வைத்து, பழக்க தோஷம், கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அழுகை தேய்ந்தது. பிறகு கீச்சொலியும் மெலிந்து நின்றேவிட்டது. மார்மேல் பிள்ளையின் தலை சாய்ந்தது.

"அப்பாடா" என்றார். இவ்வளவு நேரம் காதுவரை ஏறியிருந்த தோள்கள் இறங்கின. "சத்தம் நின்னுடுச்சுங்க. தூங்கிட்டா. இனிமே மெதுவாவே போங்க." கொஞ்சம் யோசித்து, "வேணும்னா திரும்பிடலாம். நாலாவது வரிசை வேற நிக்குதாம்" என்றும் சொன்னார்.

வேன்காரர் மூன்று பிள்ளை வளர்த்தவர். பின்னால் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"சார், கண்ணைத் திறங்க."

"என்னங்க?"

"காதை விடுங்க சார்! கண்ணைத் திறந்து பிள்ளையைப் பாருங்க. தூங்குற பிள்ளைக்குக் கழுத்து இப்படியா உள்ளே போகும்?"

பார்த்தார். கழுத்துக்குக் கீழே, எலும்புகள் சேருகிற இடத்தில், ஒவ்வொரு மூச்சுக்கும் விரல் நுழைகிற அளவுக்குக் குழி விழுந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் சட்டைக்கு மேலே தெரிந்தது. உதடு வெளிறி, ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. அந்தச் சின்ன உடம்பு முழுபலத்தோடு காற்றுக்குப் போராடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். வேன்காரர் ஹாரனில் வைத்த கையை ஆஸ்பத்திரி வாசல் வரை எடுக்கவில்லை.

உள்ளே நர்ஸ் பிள்ளையைப் பார்த்ததும் கேள்வி கேட்கவில்லை, ஓட்டமாக ஓடினாள். "மடியிலேயே வச்சுக்குங்க. அழ விடாதீங்க, அழுதா தொண்டை இன்னும் அடைக்கும்" என்று சொல்லி, மருந்துப் புகை வரும் முகமூடியை நூல்கண்டின் மூக்கருகே பிடித்தாள். டாக்டரம்மா வந்து மருந்து கொடுத்து, மார்பைப் பரிசோதித்துவிட்டு, நடந்ததைக் கேட்டார். காதுக்காரர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"மூச்சுக்குழாய் வாசல்ல வீக்கம். சின்னப் பிள்ளைங்களுக்குத் திடீர்னு வரும்" என்றார் டாக்டரம்மா. "அந்தக் கீச்சுச் சத்தம் வந்த வரைக்கும் காத்து இடுக்குல நுழைஞ்சு உள்ளே போயிட்டு இருந்துச்சு. பிள்ளை திணறிட்டே இருக்கு, சத்தம் மட்டும் நின்னு போச்சுன்னா, காத்துப் போறது குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அதுதான் பயம். நல்லவேளை, நேரா வந்தீங்க."

நேரா வந்தீங்க! திரும்பிடலாம் என்று சொன்ன வாய் இவருடைய முகத்தில்தான் இருந்தது. வெட்கமும் பயமும் சேர்ந்து அவரைத் தின்றன. கண்ணைச் சிமிட்டக்கூடப் பயந்துகொண்டு பிள்ளையின் கழுத்துக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம். கால் மணி. குழி கொஞ்சம் மேடானது போல இருந்தது, ஒருவேளை ஆசையோ என்னவோ. பிறகு ஒரு கீச்சொலி. பிறகு ஒரு குரைப்பு. பிறகு நூல்கண்டு முகமூடியைத் தட்டிவிட்டு, தகரத்தைத் தேய்த்த மாதிரிக் கரகரத்த குரலில், "வேணாம், போ!" என்று நர்ஸை விரட்டினாள்.

"விரட்டுற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சே" என்று நர்ஸ் சிரித்தாள். காதுக்காரர் ஓவென்று அழுதுவிட்டார்.

இரவு இங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். நர்ஸ் ஒரு தாளை நீட்டி, "அவசரத்துக்குக் கூப்பிட, பக்கத்துல இருக்கிற இன்னொருத்தர் பேரும் நம்பரும் எழுதுங்க" என்றாள். பேனாவைப் பிடித்தபடி நின்றார். வேன்காரர் கதவருகே இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க பேரு என்னங்க?" என்று கேட்டார் காதுக்காரர்.

"நாலு வருஷமா, இங்கே வர்றப்பல்லாம் நான்தான் உங்களை ஏத்தி இறக்குறேன். இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்" என்றார் வேன்காரர். கோபமில்லை, கேலிதான். பெயரைச் சொன்னார், நம்பரையும் சொன்னார். பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

வார்டில் ஆறு கட்டில். மற்ற ஐந்து கட்டிலையும் சுற்றி அத்தை, மாமா, சித்தி, பிளாஸ்க், போர்வை என்று கூட்டம். ஆறாவதில் நூல்கண்டும், பையில் திருப்புளியோடு ஒரு அப்பாவும். தனியாக இருப்பது அவருக்குப் புதிதில்லை. அது வலிக்கும் என்பதுதான் புதிது.

ஏழு மணிக்குப் போன் வந்தது.

"என்ன, நல்லா இருக்கோம், சாப்பிட்டா, தூங்கிட்டா. அதானே?" என்று அவளே ஆரம்பித்தாள்.

"இல்லை" என்றார். எல்லாவற்றையும் சொன்னார். இருமச் சொல்லி முதுகில் காது வைத்ததைச் சொன்னார். சத்தம் நின்றதும் அப்பாடா என்றதைச் சொன்னார். திரும்பிடலாம் என்றதையும் சொல்லிவிட்டார். "இப்ப நல்லா இருக்கா. மூச்சு சீரா வருது. டாக்டர் பயமில்லைன்னு சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். இணைப்பு இருந்தது. மறுபடி வைத்தார். ஒன்றுமில்லை. வாய் ஓயாத அவள், குழாயோடு பேசுகிற அவள், ஒரு சத்தமும் இல்லாமல் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ நின்றுகொண்டிருந்தாள்.

"ஏய்" என்றார். "ஏதாவது பேசேன்."

போனை மறு காதுக்கு மாற்றினார்.

"சும்மா இருக்காதேம்மா. என்னைத் திட்டு. சத்தம் போடு. உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன், ஏதாவது சத்தம் போடு."

அவள் மூச்சை இழுப்பது கேட்டது. அடுத்த நொடி ஆரம்பித்தாள். "அறிவிருக்கா உங்களுக்கு? இருமுற பிள்ளையை இன்னும் இருமச் சொல்வாங்களா? திருப்புளியை வச்சுப் பாக்கலையேன்னு சந்தோஷப்படணுமா நான்?" அழுகையும் ஆத்திரமுமாக அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில் அத்தைகளும் மாமாக்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

காதுக்காரர் சத்தத்தைக் குறைக்கவில்லை. போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை நன்றாகத் திறந்து, மகளின் கழுத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம், "ம், சொல்லு, இன்னும் சொல்லு" என்றார்.