சாட்சிக்கு வெற்றிலை பாக்கு

எங்கள் சங்கம் ஜொகூர் பாருவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. முன்னறையில் அடையாள ஆவணம் இல்லாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார்கள். பின்னறையில் பெண்களுக்குத் தையல் வகுப்பு. பின்னறை என் ராஜ்யம். தொழிற்சாலையில் பல வருடம் லைன் லீடராக இருந்தவள் என்பதால் எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. கீழே டயர் கழற்றுகிறவர்களும் என்னிடம் ரவிக்கை வெட்டக் கற்றுக்கொண்டு விட்டார்கள் என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

அந்த வகுப்பில் ஒருத்திக்கு மட்டும் நான் சொல்லிக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. முப்பதைத் தாண்டியவள். கழுத்து வெட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. அதை நான் அவளிடம் சொன்னதில்லை. அவள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. அதில் தன் பெயரில் தையல் கடை போட வேண்டும் என்பது அவள் ஆசை.

ஆனால் அவள் பெயரில் எதையும் போட முடியாது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், வீட்டிலேயே பிறந்தவள். பிறப்பைப் பதியாமலே விட்டுவிட்டார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐசி என்கிற அடையாள அட்டை இல்லை. ஐசி இல்லாததால் கடை லைசென்ஸ் இல்லை, பேங்க் கணக்கு இல்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். அவள் பாலத்தைப் பார்த்ததோடு சரி. இந்த நாட்டை விட்டு ஒரு நாளும் வெளியே போகாதவளிடம், நீ எந்த நாட்டுக்காரி என்று கேட்கிறார்கள். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது.

அப்பா, அம்மா இருவரும் இறந்துவிட்டார்கள். அவள் பிறந்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான்: தங்காக் ஊரில் இருக்கும் சின்னம்மா, அம்மாவின் தங்கை. அவர் பதிவிலாகாவுக்கு வந்து, "நான் பார்த்தேன்" என்று சொன்னால் மனு நிற்கும். சொல்லாவிட்டால் நிற்காது.

சின்னம்மாவோ அந்தக் குடும்பத்தோடு பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. அவளுடைய கல்யாணப் பத்திரிகையை அம்மா நேரில் போய் வைக்காமல், தங்காக் பக்கம் போன ஒரு வேன்காரரிடம் கொடுத்து அனுப்பிவிட்டாராம். சின்னம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. பிறகு அக்காவின் சாவுக்கு வந்தார், அழுதார், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

நான் சின்னம்மாவுக்குப் போன் செய்தேன். யார், எதற்கு என்று சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"போன்ல கூப்பிட நான் என்ன டாக்சியா?" என்றார். வைத்துவிட்டார்.

மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"ஒருத்திக்குப் பொறப்பிலேயே உள்ள உரிமை இது. அதுக்குப் போய் இன்னொருத்தர் கால்ல விழணுமா?" என்று வகுப்பில் சத்தம் போட்டேன்.

அவள் ரவிக்கையில் நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கடித்தெடுத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி போய் அழைக்கலாம். வெத்தலை பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் தட்டுல வச்சு."

"பதிவிலாகாவுக்கா? அங்க என்ன பந்தியா போடறாங்க?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் விடவில்லை. "நேர்ல வந்து அழைக்கணும்னு எதிர்பார்க்கிறது அவங்க உரிமை, அக்கா. எங்கம்மா அதைக் குடுக்கல."

எனக்கு அந்தத் தட்டைக் கண்டாலே எரிச்சல். என் கணவர் இறந்த பிறகு யாரும் அதை என் முன் நீட்டியதில்லை. பத்திரிகை வாட்ஸ்அப்பில் வரும். வீடு தேடி வருகிறவர்களும் பத்திரிகையை மேசைமேல் வைத்துவிட்டு, குங்குமச் சிமிழைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். நானும் ஒன்றும் தெரியாதது போலக் காப்பி கலக்கப் போய்விடுவேன். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "சரி, காரை நான் ஓட்டுறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். வழியெல்லாம் தட்டு அவள் மடியில்தான் இருந்தது. ஆயர் ஈத்தாமில் தேநீர் குடிக்க நிறுத்தியபோதும் அதைக் காரில் விட மனமில்லாமல் கையோடு எடுத்து வந்தாள். கடைக்காரர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். "எனக்குத்தான்" என்றாள். அவர் அவள் கழுத்துத் தாலியைப் பார்த்துக் குழம்பிப் போனார்.

தங்காக்கில் சின்னம்மா இரும்புக் கதவைத் திறக்காமலே நின்றார். என்னைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தார்.

"சின்னம்மா," என்றாள் அவள். "நீங்க வந்து நின்னாதான் நான் பொறந்தேன்னு ஆகும்."

சின்னம்மா பூட்டைத் திறந்தார். முகத்தில் ஒரு இளக்கமும் இல்லை. இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு, "என்னைக்கு?" என்று கேட்டார்.

சொன்ன நாளில் சின்னம்மா பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, பதிவிலாகாவுக்கு வந்து இறங்கினார். எண் வாங்கிக் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விசாரித்தவர் ஒரு மலாய்க்கார அம்மா. பொறுமையாகத்தான் கேட்டார். அவள் பிறந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்விக்கு, சின்னம்மா தன் உடைந்த மலாயில் பதில் சொன்னார். அன்றைக்கு நல்ல மழையாம். தோட்டத்து லாரி சேற்றில் மாட்டிக்கொண்டதாம். மருத்துவச்சி வந்து சேரவில்லையாம். "நான்தான் கையில் வாங்கினேன். பெத்தவளே எனக்கு அப்புறம்தான் பார்த்தாள்."

பிறகு அவள் பக்கம் திரும்பிய சின்னம்மா தமிழுக்கு மாறினார். "மொதல்ல தூக்கினவ நான். மொதப் பத்திரிகை எனக்குத்தான் வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன்டி. வேன்காரன் கொண்டாந்து நீட்டுறான்."

அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். அவள் எழுந்து போய் சின்னம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தன்னை முதலில் ஏந்திய கை அது என்று அன்றுவரை அவளுக்கே தெரியாது. அந்த அதிகாரிக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, டிஷ்யூ பெட்டியை எங்கள் பக்கம் தள்ளினார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. மேலும் கேள்விகள் வந்தன, மறுபடி போனோம், காத்திருந்தோம். இரண்டு தீபாவளி போயிற்று. எங்கள் முன்னறைக்கு வருகிற எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவளுக்குக் கிடைத்தது. குடிமக்களுக்குத் தரும் நீல ஐசியை வகுப்பில் ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தோம். படத்தில் போலீஸ்காரி மாதிரி முறைக்கிறாய் என்று நான் கேலி செய்தேன். பிறகு லைசென்ஸும் வந்தது, அவள் பெயரிலேயே.

கடை திறப்புக்கு முந்தைய வாரம், வகுப்பு முடிந்து நான் எந்திரங்களை மூடிக்கொண்டிருந்தேன். அவள் கையில் அதே தட்டோடு வந்து நின்றாள். முன்னறையில் இருப்பவர்களுக்கு என்று நினைத்தேன்.

"அவங்க எல்லாம் கீழ இறங்கிட்டாங்க, ஓடு," என்றேன்.

"தங்காக்குக்கு நேத்தே போய்ட்டு வந்துட்டேன். இது உங்களுக்கு, அக்கா."

"தெனம் பார்த்துக்கறோம். எனக்கு வாயால சொன்னா போதாதா?"

"போதாது," என்றாள். குங்குமச் சிமிழைத் திறந்து என் முன் நீட்டினாள்.

கையிலிருந்த எந்திர உறையை வைத்துவிட்டு, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். நான் குங்குமத்தைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. எவ்வளவு எடுப்பது என்று தெரியாமல், கொஞ்சம் அதிகமாகவே எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன்.