எங்கள் லைனின் ஜெர்மன் சான்சலர்

முத்தையா அண்ணன் போய்விட்டார். இன்று காலை, தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில்.

களைப்பாக இருக்கிறது... இந்த வருஷம் அஞ்சலி எழுதியே என் கட்டைவிரல் பாதி தேய்ந்துவிட்டது.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் டீ எஸ்டேட்டில் மேல் லைன், கீழ் லைன் என்று தொழிலாளர் வீட்டு வரிசைகள் இரண்டு, அதாவது இரண்டு வல்லரசுகள். இரண்டுக்கும் மலைமேல் ஒரே தண்ணீர்த் தொட்டி. அதற்காக நாங்கள் போட்ட சண்டையோடு ஒப்பிட்டால் உலகப் போர் இரண்டும் பிள்ளை விளையாட்டு.

தண்ணீர்க் கமிட்டித் தலைவரை மாதம் ஒருவராகக் கவிழ்த்தோம். பதவியேற்ற டீ ஆறுவதற்குள் கவிழ்ந்தவர்களும் உண்டு.

அண்ணனுக்கு டீ ஃபேக்டரியில் வேலை. சுற்றிப் பார்க்க வந்த ஜெர்மன்காரப் பெரியவர் ஒருவரிடம் என்னதான் பேசினாரோ... அந்த வாரமே அண்ணன் இரண்டு லைனையும் கூட்டி உட்கார வைத்தார்.

“ஜெர்மனில சண்டை முடிஞ்சப்புறம் சட்டமே எழுதிட்டாங்களாம்லா. சான்சலரை, அதான் அவங்க பிரதமரை, இறக்கணும்னா, அடுத்த சான்சலர் யாருன்னு முதல்ல ஓட்டுப் போட்டுச் சொல்லணும். சும்மா ‘இவன் வேணாம்’னு கத்தக்கூடாது. எதிரெதிர் கட்சிங்க சேர்ந்து கேபினெட் வைப்பாங்க. அதுக்கு முன்னாடி வாரக்கணக்கா உட்கார்ந்து எல்லாத்தையும் எழுதிக்குவாங்க.”

மேல் லைன் லெட்சுமி அக்கா கேட்டார்: “அவங்க எழுதி முடிக்கிற வரைக்கும் குளிக்க மாட்டாங்களாண்ணே?”

நாங்களும் எழுதினோம். பள்ளிக்கூட நோட்டில், மூன்று ஞாயிற்றுக்கிழமை. ஒருநாள் மேலே தண்ணீர், மறுநாள் கீழே.

கேபினெட்டில்தான் சறுக்கினோம். யாரையும் விட மனசில்லாமல் வீட்டுக்கு ஒரு மந்திரி. ஆளப்படுவதற்கு ஒரு பொதுஜனம்கூட மிஞ்சவில்லை! கடைசியில் துரை பங்களா நாயைக் குடிமகனாக அறிவித்தோம்.

நான் வெளியுறவு அமைச்சர். மேனேஜர் ஆபீஸில் போய்ப் பைப் கேட்கிற இலாகா.

அண்ணன் சான்சலர். விடிந்ததும் மலையேறி வால்வைத் திறப்பார், பொழுது சாய ஏறி மூடுவார். மழையோ, பனியோ... தினமும்.

அவரையும் ஒருமுறை கவிழ்க்கப் பார்த்தேன்.

“சரிலா மச்சான், அடுத்தது யாரு? நீ ஏறுறியா?”

“முட்டி வலிண்ணே.”

“அப்ப உட்காரு.”

உட்கார்ந்தேன். அன்றோடு எதிர்க்கட்சி ஒழிந்தது.

நேற்றும் தொட்டி வால்வை மூடிவிட்டுத்தான் இறங்கினார். வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். அடுத்தவர் பெயரைச் சொல்லவில்லை. அவர் போட்ட சட்டத்தை அவரே மீறிவிட்டார்.

மதியம் கீழ் லைனில் அவர் வீட்டு முன்னால் கூடி நின்றோம். உடம்பு வந்துகொண்டிருந்தது. காலையில் வால்வைத் திறக்க ஆளில்லை, குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. இன்று மேல் லைன் முறை வேறு...

பழைய சண்டை இங்கேயே, பந்தலுக்குக் கீழேயே தொடங்கிவிடுமோ என்று பயந்தேன்.

லெட்சுமி அக்காதான் பேசினார். “எங்க முறைய நீங்க எடுத்துக்குங்க. நாளைக்கும் எடுத்துக்குங்க. எங்க வீடுகள்ல வாளியில கொஞ்சம் இருக்கு.”

அப்புறம் யார் ஏறுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பார்த்து முடித்து, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏறினேன். இமயமலைகூட இத்தனை செங்குத்தாக இருக்காது. நாலு இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு இடத்தில் கொஞ்சம் அழுதேன், மூச்சு வாங்குகிற மாதிரி.

வால்வுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். ஒரு கையிலேயே திரும்பியது.

தண்ணி கீழ வந்துருச்சுண்ணே. போய்ட்டு வாங்க.